பால்குடி மறக்காத குட்டிக்கு விலை பேசாதீர்கள்

முழு ஆண்டுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் நாய்க்குட்டி வாங்கித் தருவதாக மார்ச் மாதமே பல வீடுகளில் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஏப்ரல் பாதியில் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கும். ‘லேப், ஆண், 32 நாள், ஒரு ஊசி முடிஞ்சது, உடனே எடுக்கிறவங்க மட்டும் கூப்பிடவும்.’ கூடவே ஒரு குட்டி வீடியோ. உருண்டை வயிறு, இன்னும் நீலம் மாறாத கண், நாலடி வைத்ததும் உட்கார்ந்துவிடும் கால்கள். அதைப் பார்த்த பிள்ளை அப்புறம் வேறு பேச்சே பேசாது.

புதுக் குட்டியை வீட்டில் பழக்குவது பற்றி எழுதுகிறவர்கள் கிண்ணம், பெல்ட், படுக்கை என்று ஆரம்பிப்பார்கள். அந்த விளம்பரத்தில் இருக்கும் 32 என்ற எண்ணில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இனத்தையும் விலையையும் பத்து முறை விசாரிப்பவர்கள் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு வீட்டில் நடக்கும் பெரும்பாலான அவதிகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். காது கேட்க இன்னும் சில நாள். மூன்றாவது வாரத்தில்தான் தள்ளாடி எழுந்து நடக்கும், பால்பற்கள் எட்டிப் பார்க்கும். 32 நாள் குட்டி உலகத்தைக் கண்ணால் பார்க்கத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. அந்தக் குட்டியை பிஸ்கட் அட்டைப் பெட்டியில் பழைய துண்டு விரித்து உட்கார வைத்து, மூடியில் நாலு ஓட்டை போட்டு, இரவுப் பேருந்தில் ஊர்விட்டு ஊர் அனுப்புகிறார்கள். மதுரையில் ஏற்றிய பெட்டியைச் சென்னையில் விடியற்காலை இறக்கி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இது சட்டப்படி சரியில்லாத வியாபாரம் என்பது வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. எட்டு வாரம் என்றால் 56 நாள். குட்டி போட வைத்து விற்பவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 32 நாள் என்று பகிரங்கமாகப் போடுகிறார்கள் என்றால், அந்த விதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விற்பவர் ஏன் அவசரப்படுகிறார்? நாலு வாரம் வரை குட்டிகளுக்குத் தாயே சாப்பாடு. அதன்பின் பால் குறையும். பல் முளைத்த குட்டிகள் கடிப்பதால் தாய் பாதிப் பாலில் எழுந்து போய்விடும். ஒரே ஈற்றில் ஏழெட்டு குட்டி இருந்தால் அத்தனைக்கும் ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி, பூச்சி மருந்து, ஊசி, ஓயாமல் சுத்தம் செய்யும் வேலை. ஒன்றுக்குப் பார்வோ என்ற தொற்றுநோய் வந்தால் ஈற்று முழுவதும் போய்விடும் என்ற பயம் வேறு. ஐந்தாவது வாரத்தில் விற்றுவிட்டால் செலவும் ஆபத்தும் வாங்குபவர் தலையில். அவருக்கு அது லாபக் கணக்கு. குட்டிக்கு அது உயிர்க் கணக்கு.

நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் ஒரு குட்டி கற்பதை நாம் எவ்வளவு காசு கொடுத்தாலும் கற்றுத்தர முடியாது. விளையாட்டில் ஒன்று இன்னொன்றின் காதைக் கவ்வும். அழுத்திக் கடித்தால் கடிபட்டது ‘வீல்’ என்று கத்திவிட்டு விலகிப்போய்விடும், ஆட்டம் நின்றுபோகும். இதே காட்சி ஒரு நாளில் எத்தனையோ தடவை நடக்கும். எந்த அளவு பல் பட்டால் ஆட்டம் தொடரும், எந்த அளவில் நின்றுபோகும் என்பது அந்த நாலு வாரத்தில் தாடைக்குப் பழகுகிறது. அதைக் கற்காமல் வந்த குட்டி உங்கள் பிள்ளையின் கையில்தான் கற்கத் தொடங்கும். பால்பற்கள் ஊசிமுனை. “எங்க வீட்டுக் குட்டி ரொம்பக் கடிக்குதுங்க, இது சாதிக் குட்டிதானா?” என்று கேட்பவர்களிடம் எத்தனையாவது நாளில் வாங்கினீர்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மூத்திரம் போகும் பழக்கமும் அப்படித்தான். மூன்று வாரம் தாண்டிய குட்டி படுத்த இடத்தைவிட்டுத் தானாகவே நாலடி தள்ளிப் போய் ஒன்றுக்கு இருக்கும். யாரும் சொல்லித்தருவதில்லை. நாலடி தள்ளிப் போக இடமே இல்லாத கம்பிக் கூண்டில் வளர்ந்த குட்டிக்கு அந்த இயல்பு மழுங்கிவிடுகிறது. பிறகு அது படுக்கையிலேயே போகும், அதன்மேலேயே படுக்கும். வீட்டில் அடியும் வாங்கும்.

சின்னதிலேயே கொண்டுவந்தால்தான் ஒட்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் வளர்த்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்து 1965இல் நூலாக வந்த ஆய்வு, குட்டி மனிதரோடும் மற்ற நாய்களோடும் பழகக் கற்கும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 12ஆவது வாரம் வரை இருக்கிறது என்று காட்டியது. எட்டாவது வாரத்தில் வரும் குட்டிக்கு உங்களோடு ஒட்ட முழுதாக ஒரு மாதம் மிச்சம் இருக்கிறது. ஒட்டுதலுக்குப் பங்கம் வராது.

தாயைக் காட்டச் சொல்லுங்கள்

வாங்கப் போன இடத்தில் முதலில் தாயைப் பார்க்க வேண்டும். ‘தாய் வேற இடத்துல இருக்கு’, ‘புது ஆளைக் கண்டா கடிக்கும் சார்’, ‘இப்பதான் வாக்கிங் கூட்டிட்டுப் போனாங்க’ என்று பதில் வந்தால், நீங்கள் நிற்பது குட்டி பிறந்த வீடு இல்லை. எங்கிருந்தோ கூடையில் வந்து இறங்கிய குட்டியை உங்களுக்குக் கைமாற்றுகிறார்கள். தாய் இருந்தால் அதன் விலா எலும்பையும் மடியையும் பாருங்கள், ஆளைக் கண்டால் என்ன செய்கிறது என்று பாருங்கள். குட்டி நாளைக்கு எப்படி இருக்கும் என்று ஓரளவு அதிலேயே தெரியும்.

அடுத்தது குட்டியின் வாய். உதட்டை மெல்ல விலக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். ஈறு முழுவதுமே வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். கடைவாய்ப் பக்கமும் பார்த்துவிடுங்கள். நாய்க்குப் பால்பற்கள் 28. எட்டு வாரத்தில் அநேகமாக அத்தனையும் முளைத்திருக்கும். ‘ரெண்டு மாசம் ஆச்சு’ என்று சொன்ன குட்டியின் கடைவாயில் வெறும் ஈறுதான் இருக்கிறது என்றால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள். அங்கே முடியில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தாலோ, விலா எலும்பு தெரிய வயிறு மட்டும் உப்பியிருந்தாலோ அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். பாவம் பார்த்து வாங்குவது இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுவதாகத்தான் முடியும்.

ஊசி அட்டையில் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். தடுப்பூசிக் குப்பியின் மேல் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர் இருக்கும். மருத்துவர் ஊசி போட்டதும் அதை உரித்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார். ஸ்டிக்கரும் முத்திரையும் இல்லையென்றால், போட்டது எந்த மருந்து, குளிர்பெட்டியில் இருந்ததா, வெயிலில் கிடந்ததா, உண்மையிலேயே போட்டார்களா என்று எதுவுமே சொல்ல முடியாது.

‘ஒரு ஊசி முடிஞ்சது’

இந்தக் கட்டுரையில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்த வாக்கியம்தான். ‘ஒரு ஊசி முடிஞ்சது’ என்று கேட்டதும் வாங்குபவர் நிம்மதி அடைகிறார். 30 நாளில் போட்ட ஊசியை நம்பி அப்படி நிம்மதி அடைய வழியில்லை.

பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பாற்றல் சேர்ந்து வருகிறது. முதல் சில வாரங்களுக்கு அதுதான் காவல். அந்தக் காவல் உடம்பில் பலமாக இருக்கும்போது தடுப்பூசி போட்டால், ஊசியில் இருக்கும் கிருமியையும் அதுவே அழித்துவிடும். ஊசி பிடிக்காது. தாய் தந்த காவல் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வரும். ஒரு குட்டிக்கு ஏழாவது வாரத்திலேயே தீர்ந்துவிடலாம், அதே ஈற்றில் இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம் வரை ஓடலாம். எப்போது தீர்கிறது என்று வெளியே தெரியாததால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மூன்றோ நான்கோ ஊசி என்பது மருத்துவர் வருமானத்துக்காகச் சொல்வது இல்லை. கடைசி ஊசிதான் பல குட்டிகளுக்கு உண்மையில் வேலை செய்யும் ஊசி. இரண்டோடு நிறுத்திவிட்டு ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்று சொல்லும் வீடுகளில்தான் நாலாவது மாதத்தில் இடி விழுகிறது.

அந்த இடிக்குப் பெயர் பார்வோ. 1978இல்தான் இந்த வைரஸை நாய்களிடம் அடையாளம் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளிவரும். மண்ணில், தரையில், செருப்பின் அடியில் பல மாதம், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் சாகாமல் கிடக்கும். குட்டி தெருவில் கால் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. காய்கறி வாங்கப் போன நீங்கள் செருப்போடு கூடத்துக்குள் வந்தால் போதும்.

ஒட்டிக்கொண்ட மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் தெரிய ஆரம்பிக்கும். நேற்றுவரை கால் கட்டைவிரலைக் கடித்து இழுத்த குட்டி இன்று காலை மூலையில் சுருண்டு படுத்திருக்கும். தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நுரையாக வாந்தி வரும். பிறகு தண்ணீராகக் கழிச்சல், அதில் ரத்தம். அந்த நாற்றத்தை ஒரு முறை நுகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எதையோ தின்றுவிட்டது என்று மோர் கொடுத்து ஒரு நாள், மாதுளைத் தோலை அரைத்துக் கொடுத்து ஒரு நாள் ஓட்டுகிறார்கள். உடம்பில் தண்ணீர் வற்றுவதற்கு இரண்டு நாள் அதிகம். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துவிட்டால் அது படியாமல் மடிப்பாகவே நிற்கும். அந்த நிலையில்தான் பலர் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சென்னைக்காரர்கள் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு.

விடுமுறைக் காலத்தில் எந்த ஊர்க் கால்நடை மருத்துவமனைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முன்னங்காலில் ஒரு பட்டை அளவுக்கு முடி மழித்து, நரம்பில் ஊசி ஏற்றி, வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருப்பார்கள். மாட்டக் கம்பி காலியில்லாததால் பாட்டிலை ஜன்னல் கம்பியில் சுதலிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், அல்லது அந்த வீட்டுப் பையன் கை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்திருப்பான். அம்மா மடியில் பழைய நைட்டியை விரித்து அதன்மேல் குட்டி. சொட்டு ஒழுங்காக விழுகிறதா என்று எல்லாக் கண்களும் அந்தக் குழாயிலேயே இருக்கும். ஐந்து நாள், ஏழு நாள் இப்படி நடக்க வேண்டும்.

பார்வோ வைரஸையே கொல்லும் மருந்து என்று பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. தண்ணீரும் உப்பும் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி ரத்தத்தில் சேராமல் தடுத்து, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. முதல் நாளே கொண்டுபோன குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. வீட்டிலேயே வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை சாகின்றன. அதனால் குட்டி ஒரு வேளை சாப்பிடவில்லை, ஒரு முறை வாந்தி எடுத்தது என்றாலே கிளம்பிவிடுங்கள். ஒன்றுமில்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

ஒன்று இறந்துவிட்டால், அழும் பிள்ளையைத் தேற்ற அடுத்த வாரமே இன்னொரு குட்டி வாங்கி வருகிறார்கள். அதே தரை, அதே கிண்ணம், அதே துண்டு. அதுவும் பத்து நாளில் போய்விடும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் இந்த வைரஸ் சாகாது. தரையை முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மண் தரையும் தோட்டமும் உள்ள வீடு என்றால் அதுவும் போதாது. ஊசிகள் எல்லாம் முடிந்த நாயைத்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

ஊசிகள் முடியும்வரை குட்டியை வெளியே விடக் கூடாது என்பதில் பயிற்சியாளர்கள் சிலருக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. 16 வாரம்வரை வீட்டுக்குள்ளேயே அடைத்தால் குட்டி பயந்தாங்கொள்ளியாகிவிடும் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் காட்டுங்கள், ஆட்டோ சத்தமும் கோயில் மேளமும் கேட்கட்டும். கால் மட்டும் பொதுத் தரையில் படக் கூடாது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

குட்டியைக் காலையில் கொண்டுவாருங்கள். இருட்டுவதற்குள் வீட்டின் வாசனையும் சத்தமும் கொஞ்சம் பழகியிருக்கும். பிறந்த இடத்திலிருந்து தாய் படுத்த துணி ஒரு துண்டாவது கேட்டு வாங்கி வாருங்கள். வந்ததும் வராததுமாகக் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் ஒரு வழக்கம். அது வேண்டாம். இடம் மாறிய பதற்றத்தில் இருக்கும் குட்டியை நனைத்துக் குளிரவைப்பது சளியையும் காய்ச்சலையும் கூப்பிடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். ஒரு நாளைக்கு 18, 20 மணி நேரம் தூங்க வேண்டிய உயிர் அது. அடுக்ககத்துப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் வந்து தூக்கிக் கொஞ்சினால் தூக்கம் கெட்டு இரவெல்லாம் அழும்.

முதல் இரவு எப்படியும் அழும். ‘அழட்டும், ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று பால்கனியிலோ மாடிப்படிக்கு அடியிலோ விட்டுக் கதவைச் சாத்துவது கொடுமை. நேற்றுவரை ஏழெட்டு உடம்புகளின் சூட்டில் தூங்கிய குட்டி அது. உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெட்டியை வையுங்கள். அழுதால் கையை உள்ளே விடுங்கள். தூங்கிவிடும். நாளாக ஆகப் பெட்டியை நீங்கள் நினைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்திலும், ஆட்டம் முடிந்ததும் குட்டிக்கு மூத்திரம் வரும். தரையை முகர்ந்தபடி வட்டமடித்தால் உடனே தூக்கிக்கொண்டு போய் ஒதுக்கிய மூலையில் விடுங்கள். ஒரே இடம், ஒரே செய்தித்தாள் விரிப்பு. சரியான இடத்தில் போன அந்த நொடியே தட்டிக்கொடுங்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கொஞ்சினால் எதற்கென்று அதற்குப் புரியாது. கூடத்தில் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் தட்டுவதும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து குட்டி கற்பது உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும் என்பதை மட்டுமே. இரண்டு மாதக் குட்டிக்கு இரவில் ஒரு முறையாவது எழுந்தாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை கேட்டு வாங்கிய குட்டிக்காக அதிகாலை இரண்டு மணிக்கு எழுவது அந்தப் பிள்ளையின் அம்மாதான். வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டில் நடக்கும் பெரிய தவறு பால். குழந்தைக்குக் கொடுக்கும் டப்பா மாவைப் பாலில் கரைத்துக் கொடுங்கள் என்று விற்பவரே சொல்லி அனுப்புவார். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் கழிந்துவிடும். வெறும் பால்சோறிலும் தயிர்சோறிலும் வளரும் எலும்புக்கும் சதைக்கும் வேண்டிய சத்து கிடையாது. முதல் வாரம் அது ஏற்கெனவே தின்றுகொண்டிருந்ததையே கொடுத்து, பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குட்டிகளுக்கென்றே விற்கும் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஒரு நாளைக்கு நாலு வேளை கொடுக்கலாம். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த முட்டையும் எலும்பில்லாத கோழியும் சோற்றோடு சேரட்டும். எதை எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், அதனால் சாம்பார் சோறும் பிரியாணி மிச்சமும் ஆகாது. திராட்சையும் பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். வெந்த கோழி எலும்பு குச்சி குச்சியாகப் பிளந்து குடலைக் குத்தும். லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் சிரப்பை நாமாக வாங்கி ஊற்றுவதும் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். வழுக்கும் டைல்ஸ் தரையில் குட்டி கால் பரப்பி விழுந்து எழாமல் இருக்க, அது ஓடும் இடத்தில் பழைய பாயோ மிதியடியோ விரித்துவிடுங்கள். ஹஸ்கி மாதிரி பனிநாட்டு நாயைச் சென்னை வெயிலில் வளர்ப்பது பற்றிப் பேச எனக்கு மனமில்லை. வாங்காதீர்கள்.

குடற்புழுவுக்கு வருகிறேன். உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் வந்துவிடும், கொக்கிப்புழு பால் வழியாக வரும். எனவே நல்ல வீட்டில் பிறந்த குட்டிக்கும் பூச்சி மருந்து வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை கொடுப்பது வழக்கம். அந்தப் புழுக்கள் குழந்தைகளுக்கும் தொற்றும். குட்டியோடு விளையாடிய கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைச் சாப்பிட விடாதீர்கள்.

மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. அதுவரை, குறிப்பாகத் தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டி என்றால், கீறலையும் பல் பட்டதையும் அலட்சியம் செய்யக் கூடாது. குட்டிதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரேபிஸ் குட்டிக்கும் வரும், குட்டி கடித்தும் வரும். வந்தபின் காப்பாற்ற வழியில்லை. திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பார்கள் என்பதையும் மனதில் வைத்து, திட்ட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். பல் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபிப் பொடி எதையும் அப்பக் கூடாது. நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்.

எட்டு வாரக் கணக்குக்கு விலக்கு ஒன்றே ஒன்று. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போய்த் தெருவோரம் கிடக்கும் குட்டிகள். அவற்றுக்கு வயது பார்க்க முடியாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். மிக இளசாக இருந்தால் நாய்க்குட்டிக்கென்றே வரும் பால்மாவு கிடைக்கும். மல்லாத்திப் பிடித்துப் பாலைப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும், தரையில் குப்புறப் படுக்க வைத்தே கொடுங்கள். ஆனால் ஒன்று, தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து அநாதைக் குட்டி என்று தூக்கிவந்துவிடாதீர்கள். தள்ளி நின்று சில மணி நேரம் பார்த்தால் திரும்பி வருகிறதா என்று தெரிந்துவிடும். தாய் இருந்தால், அதற்குச் சோறு வையுங்கள். எட்டு வாரம் ஆனதும் போய் ஒன்றை எடுத்து வாருங்கள். நம் வெயிலுக்கும் தெருவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அந்த நாட்டுக்குட்டி, காசு கொடுத்து வாங்கும் எந்தக் குட்டிக்கும் குறைந்தது இல்லை.

இந்த விடுமுறையில் நாய்க்குட்டி வாங்குவது என்று முடிவு செய்திருக்கும் பெற்றோரிடம் கேட்பது இதுதான். முப்பத்திரண்டு நாள் குட்டியைக் காட்டி ‘இன்னைக்கே எடுக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்’ என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கேட்டால், 56ஆவது நாள் தாயோடு சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் மட்டும் கொடுங்கள். பிள்ளை அழத்தான் செய்யும். இன்னும் மூன்றரை வாரம் காத்திருக்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். அதற்குள் மருத்துவரை முடிவு செய்யுங்கள், ஊசித் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், இரவில் எழப்போவது யார் என்று பேசிக்கொள்ளுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் உங்களோடு இருக்கப்போகிறது.